சில்கி கோழி வளர்ப்பும் இனப்பெருக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சில்கிக் குஞ்சு வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். முன்பகுதி வளர்ப்புக்கு, பின்பகுதி இனம் பெருக்க நினைப்பவர்களுக்கு.

சில்கி எண்டா என்ன கோழி? கருங்கோழியும் இதுவும் ஒண்டா?

ஒன்றல்ல. நம்மூரில் கருங்கோழி என்று விற்பது பெரும்பாலும் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்து கடக்நாத். அதற்குச் சாதாரண இறகு, காலுக்கு நான்கு விரல். சில்கி சீனப் பக்கத்து இனம். 13ஆம் நூற்றாண்டில் அங்கே பயணம் செய்த மார்க்கோ போலோ, பூனை மயிர் போன்ற மயிருள்ள கறுப்புக் கோழிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தோல், எலும்பு, இறைச்சி கறுப்பாக இருப்பது மட்டும்தான் இரண்டுக்கும் பொது.

ஒரு சாதாரண இறகை விரலால் பிரித்துவிட்டு மறுபடி நீவினால் ஒட்டிக்கொள்ளும், இழைகளில் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால். சில்கியின் இறகில் அந்தக் கொக்கி வேலை செய்யாது. ஒவ்வோர் இழையும் தனித்தனியே தொங்கும், அதனால்தான் பஞ்சுபோலத் தெரிகிறது. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில்கி பறக்காததும், மழையில் நனைந்தால் சாவதும், கலப்பில் அழகு காணாமல் போவதும் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

வாங்கக்குள்ள அசல் எது, கலப்பு எது எண்டு எப்படிப் பாக்கிறது?

காலைத் தூக்கி விரலை எண்ணுங்கள். ஐந்து இருக்கவேண்டும். நான்காவதும் ஐந்தாவதும் நன்றாகப் பிரிந்து, ஐந்தாவது மேல்நோக்கி வளைந்திருப்பது நல்லது. பிறகு நெஞ்சுப் பஞ்சை ஊதிப் பாருங்கள், தோல் கருநீலமாகத் தெரியவேண்டும். கண் கறுப்பு. கொண்டை ரம்பம்போல் நிமிர்ந்திருக்கக் கூடாது. உருண்டையாக, முண்டும் முடிச்சுமாக, கருஞ்சிவப்பில் இருக்கவேண்டும். தலையில் குடுமி, கால் வெளிப்புறத்திலும் விரலிலும் மயிர். காதுமடல் நீலப்பச்சையாக இருந்தால் மிக நல்லது.

இறக்கையை விரித்தும் பாருங்கள். பெரிய இறகுகள் கத்திபோல விறைத்து ஒட்டியிருந்தால் இனப்பெருக்கத்துக்கு எடுக்காதீர்கள். நான்கு விரலோ நிமிர்ந்த கொண்டையோ உள்ள கோழியை அழகுக்கு வளர்க்கலாம், தாய்க்கோழியாக வைக்க வேண்டாம்.

நம்மட வெக்கைக்கும் மாரிக்கும் இது தாக்குப்பிடிக்குமா?

வெக்கையைத் தாங்கும், நிழலும் தண்ணீரும் இருந்தால். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நண்பகல் 33, 34 பாகையைத் தாண்டும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தண்ணீரை மண்பானையில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றி, கூட்டுக்கு வெளியே நிலத்தை நனைத்துவிட்டால் போதும்.

பயம் மாரியில்தான். ஊர்க்கோழியின் முதுகில் விழுந்த மழை வழிந்து ஓடும். சில்கியின் பஞ்சு அதை உறிஞ்சித் தோல்வரை கொண்டுபோகும். ஐப்பசியிலிருந்து தை வரை இரவுக் குளிர்காற்றில் நனைந்த சில்கி, அதுவும் 3 மாதம் நிரம்பாதது, விடியும்வரை தாங்காமல் போகலாம். நனைந்துவிட்டால் துணியால் ஒற்றியெடுத்து, அடிமயிர் காயும்வரை பல்பின் கீழ் வையுங்கள். மேல்மயிர் காய்ந்ததும் விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை.

கூடு எப்படி அடிக்கிறது? ஊர்க்கோழிக் கூடு போதாதா?

உயரத்தில் குறுக்குத்தடி வைத்த ஊர்க்கோழிக் கூடு சரிவராது. சில்கி பறந்து ஏறாது, தரையில்தான் படுக்கும். ஒரு கோழிக்கு 3 சதுர அடித் தரை கொடுங்கள். தடி வைப்பதென்றால் ஓரடி உயரத்துக்கு மேல் வேண்டாம்.

வெள்ளம் ஏறும் பக்கம் என்றால் கூட்டைக் குறைந்தது 2 அடிக் காலில் நிறுத்துங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இன்னும் உயர்த்தவேண்டிய இடங்கள் உண்டு. ஏறுவதற்குச் சரிவுப் பலகையில் குறுக்குச் சட்டம் அடித்துவிடுங்கள். கூரைக்குக் கிடுகு நல்லது. தகரம் போட்டால் அதன்மேல் கிடுகைப் பரப்புங்கள். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து சாரலை உள்ளே தள்ளும் என்பதால் அந்தப் பக்கத்தை அடைத்து, கூரையை 2 அடி வெளியே நீட்டுங்கள். மற்றப் பக்கங்களுக்கு அரை அங்குல வலை. கோழிவலை என்று விற்கும் பெரிய கண் வலைக்குள் பாம்பு வரும், மரநாய் கையை விட்டு இழுக்கும்.

தரைக்கு 3 அங்குலம் உமி. அம்பாறை அரிசி ஆலைகளில் தாராளமாகக் கிடைக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனையும் உமியை அன்றன்றே அள்ளி எறியுங்கள். கால் மயிரில் ஈர எச்சம் உருண்டு காய்ந்தால் விரல் நகமே கழன்றுவரும். உருண்டையைப் பிய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத்தான் எடுக்கவேண்டும்.

ஊர்க்கோழியோட சேர்த்து விடலாமா?

வேண்டாம். குடுமி பார்வையை மறைப்பதால் அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சில்கிக்குத் தெரியாது. அதோடு, பல சில்கிகளின் மண்டையோடு குடுமிக்குக் கீழே குமிழ்போல மேலெழுந்து, நடுவில் முழுமையாக மூடாமல் இருக்கும். அதில் ஊர்ச்சேவல் ஒரு கொத்துக் கொத்தினால் மூளை வீங்கும். வெளியே காயமே தெரியாது, மறுநாள் தலை சுற்றிக் கிடக்கும். கண்ணை மறைக்கும் குடுமி மயிரை நுனிமழுங்கிய கத்தரியால் வெட்டிவிடலாம், வலிக்காது.

தீன் என்ன? குறுநலும் தவிடும் போதாதா?

போதாது. அரிசிக் குறுநலில் புரதம் 8 வீதத்தை அண்டித்தான் இருக்கும், குஞ்சுக்கு 20 வீதம் வேண்டும். முதல் 8 கிழமைக்குக் குஞ்சுத்தீன், பிறகு முட்டைக்கு வரும்வரை வளர்ப்புத்தீன், அதன்பின் முட்டைத்தீன். முட்டைத்தீனைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்ந்த சில்கி ஒன்று நாளுக்கு 60 முதல் 80 கிராம் தின்னும். குறுநல், முருங்கையிலை, பொன்னாங்காணி, கீரைத்தண்டு எல்லாம் சேர்க்கலாம், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள். வாவிக்கரையில் கிடைக்கும் மட்டி ஓட்டைக் கழுவிக் காயவைத்து இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டிய கோழி வேண்டியளவு கொத்தும்.

வாரம் ஒருமுறை பஞ்சுக்குள் கையை விட்டு நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை இல்லாமல் எலும்பு கத்திமுனைபோலத் தட்டினால் கோழி மெலிந்திருக்கிறது. பஞ்சு மெலிவை மறைக்கும், கறுத்த முகம் சோகையை மறைக்கும். கண்ணால் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்ல முடியாத கோழி இது.

சேவல் எது, பேடு எது எண்டு எப்பத் தெரியும்?

குஞ்சில் தெரியாது. 4 மாதத்துக்கு முன் உறுதியாகச் சொல்லி விற்பவரை நம்பவேண்டாம். 4, 5 மாதத்தில் பேட்டின் குடுமி பந்துபோல உருளும். சேவலின் குடுமியில் சில மயிர்கள் நீண்டு பின்னால் வாரிவிட்டதுபோல நிற்கும், கொண்டையும் அகலும். சில கோழிகள் கூவும்வரை அல்லது முட்டையிடும்வரை யாரையும் ஏமாற்றும். சோடி வேண்டுமென்றால் ஆறு குஞ்சாவது வாங்கி வளர்த்துப் பிரிப்பதுதான் வழி.

எத்தனை முட்டை போடும்? எப்ப பார்த்தாலும் அடைக்குத்தான் கிடக்குது.

7 முதல் 9 மாதத்தில் தொடங்கி, வருடத்துக்கு 100 முட்டையை அண்டிப் போடும். சிறிய, வெளிறிய முட்டை. 15, 20 போட்டதும் அடைக்குக் கிடக்கும். இது நோயல்ல, இனத்தின் குணம். முட்டைதான் நோக்கம் என்றால் சில்கி வாங்காதீர்கள்.

அடையைக் கலைக்க, அடியில் கம்பிவலை போட்டு நிலத்திலிருந்து உயர்த்திய கூட்டில் தீனும் தண்ணீரும் வைத்து 3, 4 நாள் விடுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்று ஓடினால் சூடு இறங்கி எழும்பிவிடும். தண்ணீரில் முக்குவது ஊர் வழக்கம். சில்கிக்கு அதைச் செய்யவே கூடாது, காரணம் மேலே மாரி பற்றிய பதிலில் இருக்கிறது.

அவயத்துக்கு எத்தனை முட்டை வைக்கலாம்? வேற கோழி முட்டையும் வைக்கலாமா?

சில்கி முட்டை என்றால் 8 முதல் 10, ஊர்க்கோழி முட்டை என்றால் 6. வாத்து முட்டையும் வான்கோழி முட்டையும் 28 நாள் எடுக்கும், சில்கி பொறுமையாக இருக்கும்; ஆனால் 3, 4க்கு மேல் மூடமுடியாது. 21 நாளில் பொரிக்கும் முட்டையோடு அவற்றைக் கலந்து வைத்தால், முதல் குஞ்சு இறங்கியதும் தாய் எழும்பிவிடும். எல்லா முட்டையையும் ஒரே நாளில், பொழுதுபட்டபின் வையுங்கள். அடைக்கோழியை நாளுக்கு ஒருமுறை இறக்கித் தீன், தண்ணீர் கொடுத்து எச்சமிட விடவேண்டும். சில பேடுகள் தாமாக இறங்காமல் கிடந்தே மெலியும்.

மெசின்ல வைக்கலாமா? கரண்ட் போனா என்ன செய்ற?

காற்றாடி உள்ள மெசினில் 37.5 பாகை. காற்றாடி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5. ஈரப்பதம் 18ஆம் நாள்வரை 45 முதல் 50 வீதம், அதன்பின் 65க்கு மேல். மாரிகாலத்தில் நம் பக்கத்துக் காற்றே ஈரம். மெசினில் தண்ணீர் ஊற்றாமலே 45ஐ அண்டிக் காட்டும். அந்த நேரத்தில் பாத்திரம் முழுக்கத் தண்ணீர் விட்டால் முட்டை போதியளவு காயாது, குஞ்சு உள்ளேயே வீங்கி ஓட்டைக் கொத்தியபடி செத்துவிடும். கச்சான் காலத்தில் நேர்மாறு: தண்ணீர் வற்றி, உள்சவ்வு குஞ்சில் தோல்போல ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதமானியைப் பார்த்துத்தான் தண்ணீர்.

முட்டையை நாளுக்கு 3 அல்லது 5 தடவை திருப்புங்கள். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் நீண்ட இரவு ஒரே பக்கத்தில் தொடர்ந்து கழியாது. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள், 21 வரை மூடியைத் திறக்காதீர்கள். மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல் தடித்த போர்வையால் போர்த்து, காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். 2, 3 மணித்தியாலம் தாங்கும். குளிர்ச்சியைவிடச் சூடுதான் கருவை விரைவில் கொல்லும், ஆகவே வெந்நீர்ப் போத்தலை முட்டையில் முட்டவைக்காதீர்கள். அடைக்கோழி ஒன்று வீட்டில் இருந்தால் முட்டைகளை அதன்கீழ் தள்ளுவதே மேல்.

வச்ச முட்டையெல்லாம் கூழாப் போகுது. சேவல்ல பிழையா?

முதலில் 7ஆம் நாள் இருட்டறையில் டோர்ச்சை முட்டையின் அகலமான பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்திபோல இரத்தநாளம் ஓடினால் கரு கூடியிருக்கிறது. வெறும் மஞ்சள் நிழல் மட்டுமென்றால் கரு கூடவில்லை. இரத்த வளையம் தெரிந்தால் கூடி இடையில் செத்தது. கரு கூடாததற்கும் இடையில் சாவதற்கும் காரணங்கள் வேறு.

கூடாததற்கு சில்கியில் பெரும்பாலும் காரணம் பஞ்சு. பின்பக்க மயிர் அடர்ந்து சேவல் சேருவதைத் தடுக்கும். சேவலுக்கும் பேட்டுக்கும் எச்சவாயைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு மயிரைக் கத்தரித்துவிடுங்கள். ஒரு சேவலுக்கு 4, 5 பேடு. சேவலின் குடுமியையும் வெட்டுங்கள், பேட்டைக் காணாத சேவல் எங்கே சேரும்?

இடையில் செத்தால் சேமிப்பைப் பாருங்கள். நம் வெக்கையில் முட்டையைக் குசினி அலுமாரியில் 10 நாள் வைத்திருந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் சாகும். கூர்முனை கீழாக, வீட்டின் குளிர்ந்த மூலையில், 5 நாளுக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் செத்தால் கடைசிக் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

குஞ்சுக்கு எத்தனை நாள் சூடு வேணும்?

தாய் இருந்தால் அதுவே போதும். தாயில்லாததற்கு முதல் கிழமை 33 பாகை, பிறகு கிழமைக்கு 3 பாகை குறைத்து வாருங்கள். நம் பகற்சூட்டில் பல்பு பெரும்பாலும் இரவுக்குத்தான். எல்ஈடி பல்பு சூடு தராது, பழைய இழைப் பல்பு வேண்டும். பல்பின் கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு. தரைக்குக் கடதாசி விரித்தால் கால் வழுக்கி விரிந்துவிடும், சாக்கு விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள்; நனைந்த சில்கிக் குஞ்சு பிழைப்பது அரிது.

3 முதல் 6 கிழமைக்குள் எச்சத்தில் இரத்தம் கண்டால் இரத்தக்கழிச்சல். ஈர உமிதான் அதைப் பெருக்கும். அம்ப்ரோலியம் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள், அளவை மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

பத்துக் குஞ்சுக்கும் தடுப்பூசி தேவையா?

தேவை. ரானிக்கெட் என்ற தொற்றுநோய் வந்தால் பத்தும் போகும். முதல் கிழமை முடிவில் கண்ணில் ஒரு சொட்டு, 3, 4 கிழமையில் மறுபடி. மாரியில் நுளம்பு பரப்பும் அம்மைக்கு 6 முதல் 8 கிழமையில் இறக்கைத் தோலில் குத்துவது. உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் எந்தத் திகதியில் தடுப்பு மருந்துக் குப்பி உடைக்கிறார்கள் என்று கேட்டு அன்றைக்குப் போங்கள். உடைத்த மருந்து சில மணிநேரத்தில் வீரியம் இழக்கும் என்பதால், அயலில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது.

கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பாக்குது. மறுகா பின்னுக்கு நடக்குது. செத்திடுமா?

எத்தனை கோழிக்கு என்று முதலில் பாருங்கள். பல கோழிக்கு ஒரே நேரத்தில், பச்சைக் கழிச்சலும் மூச்சிழுப்பும் சேர்ந்திருந்தால் அது ரானிக்கெட்டாக இருக்கலாம். உடனே பிரித்துவைத்து அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

ஒரே ஒரு கோழி, எச்சம் சரி, தின்ன ஆசையும் இருக்கிறது என்றால், தலையில் பட்ட அடியோ வைட்டமின் குறைவோதான் பெரும்பாலும். சில்கியில் இது அதிகம், மண்டையோட்டைப் பற்றி மேலே சொன்னோம். தனியே இருட்டான பெட்டியில் துணிச் சுருளால் அணைகொடுத்து வையுங்கள். 400 அலகு வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்தி எண்ணெயை நாளுக்கு ஒருமுறை சொண்டின் ஓரத்தில் விடுவது வளர்ப்போர் வழக்கம். கூடவே பி வைட்டமினும், செலேனியத்துக்கு அவித்த முட்டையும். தானாகத் தின்ன முடியாது என்பதால், குழைத்த தீனைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஊட்டவேண்டும். குணமாக 2 முதல் 4 கிழமை எடுக்கலாம். மூன்றாம் நாளே கைவிடாதீர்கள், இவற்றில் பல பிழைக்கும், பட்டினியில்தான் சாகின்றன.

ஒரு கால் முன்னாலும் மற்றது பின்னாலும் நீட்டிக் கிடந்தால் அது மரெக்ஸ் நோயின் அடையாளம். சில்கி அதற்கு இலகுவில் இரையாகும், மருந்தில்லை. பொரித்த முதல் நாள் போடும் தடுப்பூசி மட்டுமே காப்பு, குஞ்சு வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

காலெல்லாம் சுண்ணாம்பு பூசினமாதிரி தடிச்சிருக்கு.

செதிலுக்குக் கீழே உண்ணி. மயிர்க்காலில் மறைந்து பெருகும். சவர்க்கார நீரில் ஊறவைத்து, பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, வேப்பெண்ணெயோ வசிலினோ தடித்துப் பூசுங்கள்; 3 நாளைக்கு ஒருமுறை, 3 கிழமை. மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துவிடும். பேனுக்குச் சாம்பலும் உலர்மணலும் கலந்த குழி வைத்தால் அதுவே குளித்துக்கொள்ளும்.

ஊர்ப்பேட்டுக்கு சில்கிச் சேவலைப் போட்டன். ஒரு குஞ்சுக்கும் பஞ்சு வரல்ல. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. பட்டிறகு பின்னிடைவான பரம்பரையலகால் வருவது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் கிடைத்தால்தான் வெளியே தெரியும். முதல் தலைமுறையில் எல்லாம் சாதாரண இறகு. ஐந்தாம் விரலும் குடுமியும் மட்டும் பெரும்பாலானவற்றில் வரும். அந்தக் குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால் நாலில் ஒன்றுக்குப் பஞ்சு. மறுபடி அசல் சில்கியோடு சேர்த்தால் பாதிக்குப் பஞ்சு.

தோல் நிறம் இன்னும் விசித்திரம். வெள்ளைத்தோல் ஊர்ச்சேவலுக்கும் சில்கிப் பேட்டுக்கும் பிறந்தவை எல்லாம் வெளிறிப் போகும். நீங்கள் செய்ததுபோல சில்கிச் சேவலுக்கும் வெள்ளைத்தோல் ஊர்ப்பேட்டுக்கும் பிறந்தால், பேடுகள் கறுப்பு, சேவல்கள் வெளிறல். கறுப்பை அடக்கும் பரம்பரையலகு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் நிறமூர்த்தத்தில் இருப்பதே காரணம். பிரித்தானிய மரபியலாளர்கள் பேற்சனும் பனெற்றும் 1911இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் ஆராய்ந்தது. கருங்கால் ஊர்க்கோழியில் அந்த அடக்கும் அலகு இல்லாமலிருக்கலாம், அப்போது கணக்கு மாறும்.

நீல நிற சில்கிக்கு நீலத்தையே சோடி போட்டா எல்லாம் நீலமா வருமா?

பாதிதான். நாலில் ஒன்று கறுப்பு, ஒன்று வெளிறிய புள்ளிக்கோழி. எல்லாம் நீலமாக வேண்டுமென்றால் கறுப்பையும் புள்ளியையும் சேருங்கள். வெள்ளையை இதற்குள் கொண்டுவராதீர்கள். வெள்ளைக்குள் என்ன நிறம் மறைந்திருக்கிறது என்று பொரித்த பின்தான் தெரியும்.

ஒரே வீட்டுக் கோழியையே தொடர்ந்து சோடி போட்டா என்ன? வெளியால எடுக்கக் கிடைக்குதில்லை.

ஒருமுறை தகப்பனையும் மகளையும் சேர்ப்பதால் கெட்டுவிடாது. அண்ணன் தங்கையாகத் தலைமுறைகள் தொடர்ந்தால் பொரிப்பு குறையும், முதல் கிழமையிலேயே குஞ்சு வாடும், விரல் கோணும். சில்கி நம் பக்கம் சிலர் கையில்தான் இருக்கிறது. பல வீடுகளில் இருப்பவை ஒரே சேவலின் பிள்ளைகள், ஆகவே இது உண்மையான ஆபத்து.

தொடங்கும்போதே இரண்டு இடத்தில் வாங்கி, அ கூடு, ஆ கூடு என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் பெண்பிள்ளைகளைத் தாய்க் கூட்டிலேயே வைத்து, அ கூட்டின் நல்ல மகனை ஆ கூட்டுக்கும், ஆ கூட்டின் மகனை அ கூட்டுக்கும் மாற்றுங்கள். இடம் இல்லாவிட்டால், ஆ கூட்டை வேறு ஊரில் வளர்க்கும் ஒருவர் வைத்திருக்கலாம். கல்முனையும் களுவாஞ்சிக்குடியும் ஒரு பஸ் தூரம்தானே. வெளியிலிருந்து வரும் சேவலை 3 கிழமையாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

பழைய சேவலை எடுத்தபின்னும் பேட்டின் உடலில் அதன் விந்து 2, 3 கிழமை உயிரோடிருக்கும். ஆகவே மாற்றிய நாளிலிருந்து 4 கிழமைக்கு வரும் முட்டைகளை உண்ணப் பயன்படுத்துங்கள், அடைக்கு வைக்க வேண்டாம். அதன்பின் வரும் ஒவ்வொரு முட்டையிலும் கூட்டின் பெயரையும் திகதியையும் பென்சிலால் எழுதி, பொரித்த குஞ்சின் காலில் அந்தக் கூட்டுக்குரிய நிற வளையத்தைப் போடுங்கள். குஞ்சின் கால் தடிக்கத் தடிக்க, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வளையத்தைப் பெரிதாக மாற்றவேண்டும். கால் மயிருக்குள் மறைந்து இறுகிய வளையம் காலையே தின்றுவிடும்.